செக் ஜாவா: கடல் எப்போ உள்வாங்கும்னு பார்த்துட்டுப் போங்க!

சிங்கப்பூர் போறவங்க பலரும் தவறவிடும் இடம், புலாவ் உபின் தீவின் கிழக்கு ஓரத்தில் உள்ள செக் ஜாவா. சாங்கி பாயின்ட்டில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். செக் ஜாவாவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஆனா, நேரம் முக்கியம். கடல் உள்வாங்கினால்தான் நண்டு, நட்சத்திர மீன், கடற்புல் எல்லாம் நடைபாலத்திலிருந்தே தெரியும். தண்ணி ஏறிட்டா வெறும் கடல்தான்! கடல்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கோங்க. அலையாத்தி மரங்களுக்கு நடுவே போகும் பாதைக்கு இந்தக் கவலை இல்லை.

இஷ்டத்துக்கு மணலில் இறங்கக் கூடாதா? கூடாது. 2001-ல் இங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கத் திட்டமிட்டார்கள். கடைசியா ஒருமுறை பார்த்துடலாம்னு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பார்க்க வந்தவங்க காலடியே ஆபத்தாகிவிடக் கூடாதுன்னுதான், 2007-ல் நடைபாலம் வந்தது. நிலமாக்கும் திட்டம்? 2001 டிசம்பரிலேயே தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைப்புதான், ரத்து இல்லை.