உபவாசத்தில் ஓயாத உறுப்பு

உபவாசத்தால் சரீரத்துக்கு ஓய்வு கிடைக்கிறதென்று பெரியோர் சொல்லிவந்தது இரைப்பைக்கும் குடலுக்கும் பொருந்தலாம்; சிறுநீரகத்துக்கோ ஆகாரம் நின்ற பிறகுதான் புதிய பொறுப்புக்கள் வந்து சேருகின்றன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றரை லிட்டரளவே வெளியே விட்டு, மற்றதை உப்புக்களோடு ரத்தத்துக்கே திருப்பிவிடும் இவ்வுறுப்பு, நெடும்பட்டினியில் சர்க்கரையையும் உற்பத்தி செய்கிறது என்பதை, பாஸ்டன் நகரத்து ஜார்ஜ் காஹிலும் அவருடைய சகாக்களும் 1969-இல் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவாக்கியது. ஐந்தாறு வாரம் உணவின்றி இருந்த பருத்த சரீரிகளிடம், புதிதாக உண்டான குளுகோஸில் ஏறக்குறையப் பாதி சிறுநீரகத்திலிருந்தே வந்தது. கொழுப்பு எரிவதால் சேரும் அமிலங்களை அடக்குவதற்காகத் தசையிலிருந்து வரும் குளுட்டமினைப் பிரித்து அம்மோனியாவை எடுத்துக்கொள்ளும் சிறுநீரகம், எஞ்சியதையும் வீணாக்காமல் சர்க்கரையாக்கிவிடுகிறது. இதைவிட அற்புதமான சிக்கனம் சரீர சாஸ்திரத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தாது உப்புக்களின் விஷயத்தில் அந்தச் சிக்கனம் பூரணமாக இல்லை. சோடியம் ஆரம்ப நாட்களில் தாராளமாக வெளியேறிப் பின்னர் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பொட்டாசியத்தை முற்றிலும் தடுத்து நிறுத்தும் சக்தி சிறுநீரகத்துக்கு இல்லை. மக்னீசியமும் குறைந்துவிட்டால் பொட்டாசியம் இன்னும் அதிகமாக ஒழுகுவதால், முன்னதை ஈடுசெய்யாமல் பின்னதை மாத்திரம் எவ்வளவு கொடுத்தாலும் அது உடலில் தங்குவதில்லை. தசை கரையக் கரையத் துத்தநாகமும் சிறுநீரோடு போகிறது.

ஒரு நாள் ஏகாதசியை ஆரோக்கியமான சிறுநீரகம் எளிதில் தாங்கும். ஆனால் ஜலபானமும் இன்றி விரதமிருந்தால் சிறுநீர் செறிவடைவதால், கல்லடைப்பு கண்டவர்கள் அதைத் தவிர்ப்பதே நலம். நீண்ட பட்டினியில் யூரிக் அமிலம் வெளியேறுவது தடைப்படுவதால் கீல்வாதக்காரர்களுக்கும், மருந்தளவு மாறவேண்டியிருப்பதால் நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர்களுக்கும் வைத்தியரின் யோசனை அவசியம்.

பட்டினியைவிடப் பாரணையே அபாயமாக முடிவதும் உண்டு. பல நாள் உண்ணாதிருந்தவர் திடீரென்று வயிறாரச் சோறு உண்டால், இன்சுலின் பெருகி, ஏற்கெனவே குறைந்திருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் ரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ள, இருதயத்தின் துடிப்பே தடுமாறக்கூடும். ஆதலால் அத்தகையவரை மருத்துவமனையில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து, குறைந்த உப்புக்களை ஈடுசெய்துகொண்டே, சொற்ப அளவில் தொடங்கி, தினந்தோறும் சோதித்துப் பார்த்துச் சிறிது சிறிதாகவே ஆகாரத்தைக் கூட்டுகிறார்கள்.