கடலைமாவு அடை

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் பாட்டனார் காலத்தவருக்கு ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதே ஞாபகத்திற்கு வரும். இன்றோ, அங்கிருந்து ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்து வந்த பெண்களும், பீஹார், ஒடிசா முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்த வாலிபர்களும் இங்கே இரவு பகலாக முறைவைத்து வேலை செய்கிறார்கள்.

இவ்வளவு பேரும் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது அற்பமான கேள்வியன்று. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் பலர் விடுதி ஆகாரத்தினால் நோயுற்றார்கள். 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. அவர்களுடைய தோழிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது நல்ல காரியமே. சுத்தமான உணவளிப்பது விடுதி நடத்துவோரின் கடமை. அதற்கு ஈடு வேறொன்றும் இல்லை. ஆனால் வாடகை அறைகளில் மூவர் நால்வராகக் கூடி வாழ்ந்து, தாமே சமைத்துக் கொள்வோரும் அநேகர் உண்டே! அவர்களிடம் மாவரைக்கும் யந்திரம் இல்லை. அரைத்த மாவு புளிக்கும் வரை காத்திருக்கப் பொழுதும் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு வடநாட்டார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஹிந்தியில் அதற்குச் ‘சீலா’ என்று பெயர். நம் அடைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி எனலாம். ஊறவைத்தல், அரைத்தல், புளிக்கவைத்தல் ஒன்றும் கிடையாது. ஓர் அடுப்பும் ஒரு தோசைக்கல்லும் போதும்.

ஒருவருக்கு 100 கிராம் கடலைமாவு வேண்டும். அதைச் சலித்து, அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூள், சிட்டிகை மஞ்சள் தூள், சிறிது பெருங்காயம், துருவிய இஞ்சி ஆகியவற்றைச் சேர்க்கவும். கால் தேக்கரண்டி ஓமத்தைக் கசக்கிப் போடவும். தண்ணீரைச் சிறிது சிறிதாக, ஏறக்குறைய 150 மில்லி விட்டு, கட்டியில்லாமல் தோசைமாவுப் பதத்திற்குக் கரைக்கவும். பிறகு கால் மணி நேரம் மூடி வையுங்கள். மாவு நீரை நன்றாக ஏற்றுக்கொண்டால்தான் அடை விண்டு போகாமல் திரும்பும். கோதுமைக்குள்ள பசைத்தன்மை கடலைமாவுக்கு இல்லையல்லவா?

காய்கறிகளை மாவில் கலந்துவிடாமல் மேலே தூவுவதே விசேஷம். மிதமான சூட்டில் கல்லுக்கு எண்ணெய் தடவி, ஒரு கரண்டி மாவை ஊற்றிப் பரப்பியவுடன், ஈரமாக இருக்கும்போதே காயைத் தூவிக் கரண்டியின் அடியால் மெல்ல அழுத்த வேண்டும். மேல்மாவு உலர்ந்துவிட்டால் காய் ஒட்டாது. இரண்டு நிமிஷம் மூடி வேகவிட்டு, ஓரத்தில் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுங்கள். பச்சை வாசனை அடியோடு போக வேண்டும். அரைவேக்காட்டுக் கடலைமாவு வயிற்றுக்கு ஆகாது.

எந்தக் காய்? அந்தந்தக் காலத்தில் மலிவாகக் கிடைப்பதே உத்தமம். தை, மாசியில் காரட், பச்சைப்பட்டாணி, முள்ளங்கி, கொத்தமல்லி. கோடையில் வெங்காயமும் முருங்கைக்கீரையும். மழைக்காலத்தில் துருவிப் பிழிந்த சுரைக்காய். பட்டாணியை முன்னதாக வேகவைத்து நசுக்கிக் கொள்ளவும். தக்காளியானால் விதையையும் சாற்றையும் நீக்கவும். இல்லாவிட்டால் அடை நசநசத்துப் போகும்.

100 கிராம் அரிசியில் புரதச் சத்து ஏறக்குறைய 7 கிராம். அதே எடைக் கடலைமாவில் 20 கிராமுக்கு மேல். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் உடலுக்கு இந்த வித்தியாசம் பெரிது. வேண்டிய அளவே கரைத்து உடனே சுட்டுவிடுவதால், நேற்றைய மாவு என்ற பேச்சுக்கும் இடமில்லை. மிஞ்சினால் நம் நாட்டு வெயிலில் அதை வைத்திருக்காதீர்கள்.

மாவு வாங்குவதிலும் ஜாக்கிரதை வேண்டும். கடலைமாவில் கேசரிப்பருப்பு மாவைக் கலப்பது பழைய மோசடி. அந்தப் பருப்பை நெடுநாள் மிகுதியாக உண்டால் கால்களை முடக்கும் வியாதி வரக்கூடும். நல்ல கடலைப்பருப்பை வாங்கி, காயவைத்து மிஷினில் அரைத்துக் கொள்வதே மேல்.

இது ஏதோ ஏழை உணவு என்று எண்ண வேண்டாம். பிரான்ஸில் நீஸ் நகரத்தார் ‘ஸோக்கா’ என்றும், இத்தாலியில் ஜெனோவா நகரத்தார் ‘பாரினாட்டா’ என்றும் கடலைமாவு அடையைப் பெருமையோடு உண்கிறார்கள்.

பீஹார் வாலிபனின் சீலாவில் காஞ்சீபுரத்து முருங்கைக்கீரை ஏறுவதும், நம் வீட்டுத் தோசைக்கல்லில் அவனுடைய சீலா வேகுவதும் நல்ல சம்பந்தமே. நம் வீட்டிலும் மாவு தீர்ந்துபோன ஒரு நாள் வராமலா இருக்கும்? அன்று இதைச் செய்து பாருங்கள்.