விழுப்புரத்துக்கும் கடல் உண்டு

விழுப்புரம் என்றால் ரயில் சந்திப்பும் செஞ்சிக் கோட்டையும்தான் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வரும். 1993-ல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனியாகப் போனபோது கல்வராயன் மலையும் கூடவே போய்விட்டது. இப்போது மேற்கே செஞ்சிக் குன்றுகள், கிழக்கே மரக்காணம் கடற்கரை. நடுவே பார்க்க வேண்டியவை ஏராளம். வந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். கோட்டைக்கு வருகிறவர்கள் அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அனந்தபுரம் வழியாக விழுப்புரம் போனால் பனமலையைப் பார்த்துவிடலாம். குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே ஒரு சிற்றாலயச் சுவரில் பார்வதியின் ஓவியம் ஏறக்குறைய 1,300 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. பெரும்பகுதி அழிந்தும் அந்த முகம் இன்னும் தெரிகிறது. இதற்கும் மூத்தது மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி எடுத்த கோயில் என்று மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டிலேயே பொறித்துவைத்தான்.

செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் தோன்றும் சங்கராபரணி, வீடூர் அணையைக் கடந்து திருவக்கரை வழியாகப் புதுச்சேரிக்குள் போய்க் கடலில் சேர்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கின்றன. கிளையும் வேரும் இல்லாத அடிமரங்கள் என்பதால், வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்கிறார்கள் புவியியலாளர்கள்.

கடலோரத்தில்தான் இந்த மாவட்டத்தின் பெரிய செல்வம் இருக்கிறது. மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் கழுவெளி, தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் திண்டிவனம், வானூர்ப் பகுதி ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து சேர்கிறது. கழிமுகம் வழியாகக் கடல்நீரும் ஏறுகிறது. நன்னீரும் உப்புநீரும் கலப்பதால் மீனும் இறாலும் பெருகுகின்றன. அவற்றைத் தேடிப் பூநாரை, கூழைக்கடா, வெளிநாட்டு வாத்துகள் எல்லாம் வருகின்றன. 2021-ல் சுமார் 5,150 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அறிவித்தால் மட்டும் போதாது. மேட்டிலுள்ள ஏரிகள் தூர்ந்தால் கழுவெளிக்கு நன்னீர் குறையும். கரையை ஆக்கிரமித்தால் மழைநீர் ஊருக்குள் புகும். சுற்றுலா வளர்க்க நினைப்பவர்கள் விடுதிகள் கட்டும் முன்பு வரத்து வாய்க்கால்களைத் தூர்வாரட்டும். பறவை பார்க்க விரும்புபவர்கள் மழை ஓய்ந்ததும், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள், விடியற்காலையில் போவது நல்லது.