ஷ்ஷ்… லாயத்தில் குடை விரிக்கப் போகிறார்கள்!

மாகறலுக்குப் போயிருக்கிறீர்களா? காஞ்சிபுரம் பக்கம், ஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். ராஜா துரத்தி வந்த பொன்னுடும்பு சரேலென்று புற்றுக்குள் நுழைந்து மறைய, அங்கே சிவலிங்கம் வெளிப்பட்டது என்கிறது தலபுராணம். லிங்கமே உடும்பின் வால் மாதிரிதான் இருக்கும்! பக்தர்களுக்கு மெய்சிலிர்க்கும் கதை. குதிரையேற்றம் தெரிந்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முதல் கேள்வியே வேறு: "அது சரி, உடும்பு குறுக்கே பாஞ்சப்போ ராஜா எதுமேல உட்கார்ந்திருந்தார்?"

நியாயமான கேள்வி. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரையை நாலடி தள்ளித் துள்ள வைக்க உடும்புகூட வேண்டாம். காற்றில் பறக்கும் ஒரு பிளாஸ்டிக் பை போதும்.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில், முன்னங்காலைத் தூக்கி நிற்கும் கல் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். விஜயநகர காலத்திலிருந்து இன்றுவரை ஒரு வீரனும் கீழே விழவில்லை! உற்சவத்தில் வரும் குதிரை வாகனமோ மரம். காதருகே அதிர்வேட்டு வெடித்தாலும் அசையாது. ரத்தமும் சதையுமான குதிரை அப்படி நிற்க என்ன செய்கிறார்கள்? வாங்க, லாயத்துக்குள் எட்டிப் பார்ப்போம். ஒரே நிபந்தனை: குதிரைக்கு நேர் பின்னால் வராதீங்க. தோள் பக்கமாக, ஏதாவது பேசிக்கொண்டே வாங்க.

இது லாயமா, திருவிழாக் கடையா?

காவல்துறைக் குதிரைகளைப் பழக்கும் இடங்களில் சேணம், கடிவாளம், அங்கவடி தாண்டி இன்னொரு மூலை உண்டு. அடடா, அங்கேதான் வேடிக்கை! பலூன், தார்ப்பாய், கொடி, தகர டப்பா, மேளம், பட்டாசுச் சத்தம் பதிந்த ஒலிப்பதிவு. மெரினாவில் சென்னைக் காவல்துறைக் குதிரைகள் ரோந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் பட்டம், பந்து, பஜ்ஜிக் கடை, அலறும் குழந்தைகள். அதற்கு நடுவே அப்படி நிதானமாக நடக்க, குதிரைக்கு ஒத்திகை வேண்டாமா?

குதிரையின் கண்ணுக்குள் புகுந்து பார்த்தால் அதன் கஷ்டம் புரியும். பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறக்குறைய 350 பாகை பார்க்கிறது. நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் கீழேயும்தான் தெரியாது. காதுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் திரும்பும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடியும் சத்தம், அதற்கு 33,000 வரை கேட்கும். வெயிலிலிருந்து கோபுர வாசல் நிழலுக்குள் நுழைந்தால் அதன் கண் பழக நம்மைவிட நேரமாகும். புல்வெளியில் புலிக்கு இரையாகாமல் பிழைத்த பரம்பரை ஆயிற்றே: முதலில் ஓடு, அப்புறம் யோசி!

இன்னொரு கூத்து கேளுங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்குதிரைகளைக் குழந்தைகளின் ஊஞ்சல், சறுக்குமர செட் ஒன்றைத் தாண்டித் திரும்பத் திரும்ப நடத்திப் பழக்கினார்கள். பிறகு அதே செட்டைக் கால்வட்டம் திருப்பி வைத்தார்கள். அவ்வளவுதான், புதுப் பொருளைப் பார்த்த மாதிரி மறுபடி மிரட்சி! 2021-ல் வெளியான ஆய்வு இது. 'தினமும் தாண்டுற சைக்கிள்தானே, இன்னைக்கு என்ன வந்தது?' என்று நாம் கோபப்படுவோம். யாரோ சைக்கிளைத் திருப்பி நிறுத்தியிருப்பார்கள்.

பை நாடகம்

சரி, பயத்தை எப்படிப் போக்குவது? 2006-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், இளம் ஆண் குதிரைகளைப் படபடக்கும் வெள்ளை நைலான் பைக்கு மூன்று விதமாகப் பழக்கினார்கள். சிலவற்றுக்கு முழுப் படபடப்போடு திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சிலவற்றுக்குப் பையோடு தீனியும் தந்தார்கள். மீதிக்குப் படிப்படியாக, கொஞ்சம் கொஞ்சமாக. ஜெயித்தது படிப்படி! துள்ளலும் குறைவு, அந்தக் குழுவில் அத்தனை குதிரைகளும் தேறின. அனுபவப்பட்ட நிதானமான குதிரை ஒன்றைத் துணைக்கு நிறுத்தினால் புதுசு இன்னும் சீக்கிரம் அடங்கும். அடித்து இழுத்துப் போனால்? 'அந்தப் பை வந்தாலே வலிக்கும்' என்று குதிரை மனதில் எழுதிக்கொள்ளும். இதை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் குதிரை வீரர் செனஃபோன் எழுதி வைத்துவிட்டார்.

இப்போது குடை!

திரைக்குப் பின்னால் நடக்கும் ஆட்டங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது சுவீடன்காரர்களுடையது. குதிரையோடு போகிறவர்களிடம், 'நாலாவது சுற்றில் பக்கத்தில் குடை விரியும்' என்று சொல்லி வைத்தார்கள். மனிதருக்கும் குதிரைக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவி. நாலாவது சுற்று வந்தது. மனிதர்களுக்குப் படபடவென்று ஏறியது. குதிரைகளுக்கும் ஏறியது. குடை? விரியவே இல்லை! குதிரைக்குக் குடை விஷயமே தெரியாது. மேலே உட்கார்ந்தவரும், கயிறு பிடித்தவரும் பயந்தார்கள், அதுவும் பயந்தது. 2009-ல் வெளியான ஆய்வு இது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். இங்கே ஒருவர் கண்ணில் பட்ட பேய் இன்னொருவர் நெஞ்சில் குதிக்கிறது!

ஆக, லாயத்து ரகசியம் இதுதான்: ஒத்திகையில் பாதி குதிரைக்கு, பாதி நமக்கு.

நமக்கான பாகம் இதோ. காது விறைத்து, கழுத்து உயர்ந்து, மூக்குத் துளை விரிந்தால் நாடகம் தொடங்கப் போகிறது. மூச்சை வெளியே விடுங்கள். இடுப்பைத் தளர்த்தி ஆழமாக உட்காருங்கள், குதிகால் கீழே. மிரண்ட பொருளை முறைக்காமல், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். இரண்டு கடிவாளத்தையும் சேர்த்து இழுப்பதும், முழங்காலால் இறுக்குவதும் வேண்டாம்; இறுகினால் ஆபத்து நிஜம் என்று குதிரை முடிவு செய்துவிடும். ஓட எத்தனித்தால் ஒரு பக்கக் கடிவாளத்தை மெல்ல வாங்கித் தலையைத் திருப்பி, வட்டத்தில் வேகத்தைக் கரையுங்கள். தரையில் நின்றால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். தலைக்கவசம் எப்போதும்!

சாதுவான குதிரை திடீரென்று மாறினால் குணத்தைத் திட்டும் முன் உடம்பைப் பாருங்கள். முதுகை அழுத்தும் சேணம், கூர்மையான பல், மங்கும் கண், வேலை இல்லாமல் ஏற்றிய தானியத் தீனி என்று காரணம் ஏதாவது ஒளிந்திருக்கலாம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கிளம்பும் முன் பயிற்சியாளர்கள் காதோடு சொல்லும் கடைசி உத்தி: பாடுங்கள்! நிஜமாகத்தான். பாடுகிறவரால் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. மூச்சு ஓடினால் இடுப்பு இளகும், இடுப்பு இளகினால் குதிரையும் இளகும். சுருதி முக்கியமில்லை. ஆனால் முழுசாக வரி தெரிந்த பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். சரணத்தில் மறந்துபோய் திக்கென்று நிறுத்தினீர்களோ, அவ்வளவுதான்: 'என்னாச்சு, எங்கே புலி?' என்று இரண்டு காதுகளும் உங்கள் பக்கம் திரும்பும்!