நாடகம் படமெடுத்தால்?

ராமநாதபுரம் வட்டாரத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் ‘ஸ்பெஷல் நாடகம்’ உண்டு. அதிலும் ‘வள்ளி திருமணம்’ என்றால் விடிய விடியக் கூட்டம் கலையாது. ஆச்சரியம் என்னவென்றால், இந்த நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது! ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன் மூன்றாவது ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்த கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டத்தில், நாரதர் எந்தச் சொல்லை எப்படிப் புரட்டிப் போடுவார் என்பது வள்ளிக்குத் தெரியாது. அதன் மறுபொருளை அந்தக் கணமே பிடித்துப் பதில் சொல்ல வேண்டும். தயங்கினால் போயிற்று; ஊரே பார்த்துக் கொண்டிருக்கிறதே!

சிலேடைக் குறுக்கெழுத்துப் புதிரும் இதே சாமர்த்தியத்தைத்தான் நம்மிடம் கேட்கிறது. நமக்கு ஒரு சலுகை உண்டு. உலையில் சாதம் வேகும் வரை யோசிக்கலாம்.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். அதில் நேர்ப்பொருள்தான். சிலேடைக் குறிப்புகள் பிறகு இங்கிலாந்தில் வளர்ந்தன. அவற்றை 1968-இல் ‘நியூயார்க்’ வார இதழில் அமெரிக்கர்களிடையே பிரபலப்படுத்தியவர் யார் தெரியுமா? ஸ்டீபன் சோண்ட்ஹைம், நாடகங்களுக்குப் பாட்டும் இசையும் எழுதிப் புகழ் பெற்றவர்!

ஒவ்வொரு குறிப்பும் வேஷம் கட்டிய நடிகர் மாதிரி. அதன் தொடக்கத்திலோ முடிவிலோ விடையின் பொருள் ஒளிந்திருக்கும். மீதிப் பகுதி, எழுத்துக்களைக் கூட்டவோ கழிக்கவோ வழி சொல்லும்.

இதோ ஒன்று: ‘நாடகத்தில் இரண்டாமவரை நீக்கிப் படமெடுப்பது (3).’ சினிமாக் கம்பெனிச் சண்டை என்று நினைத்து விடாதீர்கள். ‘நாடகம்’ என்பதில் இரண்டாம் எழுத்தான ‘ட’வை எடுத்து விடுங்கள். நாகம்! படமெடுப்பது அதுதானே?

அடுத்தது: ‘வேடம் கடைசியில் மாற, வள்ளியைத் தேடி வந்தவன் (3).’ கடைசி எழுத்து ‘ம்’. அது எதுவாக மாறுகிறது என்பதைப் பின்பாதி காட்டிக் கொடுக்கிறது. ‘ன்’ போட்டால் வேடன். முருகன் வள்ளியிடம் வந்த கோலம்.

சில குறிப்புகளில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். ‘தனுஷ்கோடிக் கடலில் எழுவது, நாடகம் முடிந்தால் விழுவது (2).’ திரை! கடலில் அலை, மேடையில் சீலை.

“இதெல்லாம் பண்டிதர்களுக்கு, நமக்கு வருமா?” என்று ஒதுங்கும் சகோதரிகள் உண்டு. திருவிழாப் பந்தலில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டி எந்தப் பள்ளிக்கூடத்தில் சிலேடை கற்றாள்? வள்ளி வாய் திறப்பதற்குள் அவள் சிரித்து விடுகிறாளே! இதற்கு அகராதியைவிடக் காதுதான் முக்கியம். சொல்லை இன்னொரு முறை மெள்ளச் சொல்லிப் பார்க்கும் பொறுமை இருந்தால், பாதி விடை கிடைத்த மாதிரி.

சரி, உங்கள் முறை: ‘அரங்கத்தில் இரண்டாமவர் எழுந்து போக, மிஞ்சுவது நாடகத்தின் ஒரு பகுதி (4).’

சாதம் வெந்து விட்டதா என்று பார்த்துக் கொண்டே யோசியுங்கள்!