எஞ்சியிருக்கும் வலிமை



ஆண்டுதோறும் நம் பள்ளி விளையாட்டு விழாவன்று மைதானமே ஆரவாரத்தில் அதிரும். அந்த நேரத்தில், ஒரு கால் வலுவற்ற என் வகுப்புத் தோழி மட்டும் மரத்தடியில் அமர்ந்து, நாங்கள் கழற்றிக் கொடுத்த கைக்கடிகாரங்களைக் காவல் காப்பாள். அவளுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டோம் என்று நாங்கள் மகிழ்ந்திருந்தோம். போரில் காயமுற்ற வீரர்கள் சிலரைப் பற்றிப் படித்தபின் அந்த மகிழ்ச்சி எனக்கு இல்லாமற் போயிற்று. காரணத்தைச் சொல்கிறேன்.

நம் முதுகெலும்பினுள் தண்டுவடம் என்னும் நரம்புக் கற்றை செல்கிறது. மூளையின் கட்டளைகளைக் கால்களுக்குக் கொண்டு செல்வதும், கால்களின் உணர்ச்சியை மூளைக்குத் தெரிவிப்பதும் அதுவே. துப்பாக்கிக் குண்டு அதைச் சிதைத்துவிட்டால் கால்கள் அசையா, வலியும் தெரியாது. வலி தெரியாததால் ஒரே நிலையில் படுத்துக் கிடப்பர். உடலில் படுக்கைப்புண் உண்டாகும். சிறுநீர்ப் பாதையிலும் நோய்க்கிருமிகள் தொற்றும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இத்தகையோரில் பெரும்பாலோர் சில மாதங்களிலோ, ஓரிரு ஆண்டுகளிலோ இறந்தனர். மருத்துவர்களும் கைவிட்டிருந்தனர்.

இந்நிலையை மாற்றியவர் டாக்டர் லுட்விக் குட்மன். யூதரான இவர், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். புண்கள் ஆறின. ஆனால் உயிர் பிழைத்த அந்த இளைஞர்கள் எதற்காக வாழ்வது?

அதற்குக் குட்மன் கண்ட மருந்துதான் விளையாட்டு. இழந்ததை எண்ணிக் கலங்காமல் எஞ்சியிருப்பதைப் பயன்படுத்த அவர் கற்றுக்கொடுத்தார். கால் இயங்காதவருக்குத் தோளும் கையுமே துணை. வில்லை இழுத்தால் அவை வலுப்பெறும்; அம்பு குறி தவறாமலிருக்க உடலை நிமிர்த்தி நிலைநிறுத்தவும் பழகும். பயிற்சி என்று சொன்னால் சலிப்புத் தட்டும். போட்டி என்றால் ஊக்கம் பிறக்கும் அல்லவா?

1948 ஜூலை 29 அன்று லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கின. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில்லில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அவர்களில் இருவர் பெண்கள். அந்தச் சிறு போட்டியே வளர்ந்து, 1960-இல் ரோம் நகரில் சுமார் 400 பேர் பங்கேற்ற சர்வதேசப் பந்தயமாயிற்று. அதுவே முதல் பாராலிம்பிக் என்று இன்று கணக்கிடப்படுகிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் பிறந்த முரளிகாந்த் பேட்கர், இந்தியப் படையில் சேர்ந்து குத்துச்சண்டையில் பெயர் பெற்றவர். 1965-ஆம் ஆண்டுப் போரில் பல குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. கால்கள் செயலிழந்தன. குத்துச்சண்டை மேடை இனி இல்லை என்றாயிற்று. அவருக்குச் சிகிச்சையாகவே நீச்சல் கற்பிக்கப்பட்டது. தண்ணீர் உடலின் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. தரையில் சுமையாகும் கால்கள் அங்கே மிதக்கின்றன; முன்னேறிச் செல்லக் கைகளின் வலிமை போதும். குத்துச்சண்டையில் உரமேறிய அவருடைய தோள்களுக்கு மீண்டும் வேலை கிடைத்தது!

1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக்கில், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலை 37.33 விநாடிகளில் முடித்து, உலக சாதனையுடன் தங்கப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் சேர்த்து, தனி நபர் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அதுவே. ஆனால் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவர 2018 வரை ஆயிற்று. வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருது 2025-இல்தான் கிடைத்தது. உடலை வென்ற மனிதர், நம் கவனத்தைப் பெற அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்ததே!

தோழியரே, ஸ்டோக் மாண்டவில்லில் அந்த வீரர்களுக்கு யாரும் கைக்கடிகாரங்களைக் காவல் காக்கக் கொடுக்கவில்லை, வில்லைக் கொடுத்தார்கள். நாம் கொடுத்தது இரக்கம். அவர்கள் பெற்றது வாய்ப்பு. இரண்டும் ஒன்றல்ல. என் தோழியின் கைகள் நல்ல உறுதியானவை. கிணற்றடியில் என்னைவிட வேகமாக நீர் இறைப்பவள் அவள். உட்கார்ந்தபடியே குண்டு எறியும் போட்டி பாராலிம்பிக்கில் உண்டு என்று அவளிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "குண்டு எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டாள்.

அடுத்த விளையாட்டு விழாவில் கைக்கடிகாரங்களை நாமே பார்த்துக்கொள்வோம்.