பக்கத்தில் இருந்தவர்கள் – 9: கேட்டுக்கொண்டிருந்த பாலையா

‘காதலிக்க நேரமில்லை’ என்றதுமே நாகேஷ் தன் அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. 1964-ல் ஸ்ரீதர் இயக்கிய படம். எழுத்தில் அவருக்குத் துணை நின்றவர் சித்ராலயா கோபு. எண்பதுகளில் பெரம்பலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கல்யாண வீட்டுக்கு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். இந்தப் படமும் வந்தால், தூங்கிப்போன பெரியவர்களை அந்தக் காட்சிக்காகவே தட்டி எழுப்புவார்கள்.

மறுநாள் பையன்கள் நாகேஷைச் செய்துகாட்டுவார்கள். அந்த இருட்டு, அந்தச் சத்தங்கள், அந்தக் கைகள் எல்லாம் ஓரளவு வந்துவிடும். பாலையாவைச் செய்துகாட்டியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. எதைச் செய்துகாட்டுவது? மனிதர் உட்கார்ந்திருக்கிறார், கேட்கிறார். அவ்வளவுதான்.

ஆனால் அவர் கேட்பதை மட்டும் ஒருமுறை தனியாகப் பாருங்கள். நாகேஷின் பக்கம் கண்ணைத் திருப்பாமல் பாருங்கள். முதலில், உருப்படாத பிள்ளையின் பேச்சைச் சகித்துக்கொள்ளும் அப்பாவின் அலுப்பு. கொஞ்ச நேரத்தில் அவரை அறியாமலே கதைக்குள் கால் வைத்துவிடுகிறார். அப்புறம் வெளியே வர வழி தெரியவில்லை. பயம் முதலில் கண்ணில் வருகிறது, பிறகு வாயில், கடைசியில் உடம்பு முழுக்க. ஒரு கணமாவது நம்மைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த முகத்தில் தெரிகிறதா? இல்லை. பாலையாவின் சின்னமலை எஸ்டேட் விஸ்வநாதன் நிஜமாகவே நடுங்குகிறார். நாகேஷ் எழுப்புகிற சத்தம் அந்த முகத்தில் போய் விழுந்த பிறகுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இந்தக் காட்சிக்காக பாலையாவைப் பாராட்டியவர்கள் உண்டு. அந்தப் பாராட்டு அங்கேயே நின்றுவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம். படத்தின் முதுகெலும்பே அவர்தான். காதலர்கள் ஓடுவதும் ஒளிவதும் வேஷம் போடுவதும் அவருடைய பண ஆசையைச் சுற்றித்தான். அவர் வேலையை விட்டு அனுப்பிய அசோக், பங்களா எதிரிலேயே கூடாரம் அடித்து உட்கார்கிறான். அவனுக்காக முத்துராமன் கோடீஸ்வர அப்பாவாக வேஷம் கட்டி வருகிறார். நேற்றுவரை ‘அவன்’ என்று இருந்தவன், பணக்கார வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த மாத்திரத்தில் ‘அசோகர்’ ஆகிவிடுகிறான். குரல் இறங்குகிறது, முதுகு வளைகிறது, முகத்தில் ஒரு குழைவு பரவுகிறது. வெங்காய மண்டியிலும் பருத்திக் கமிஷன் கடையிலும், வந்து நிற்கிற வண்டியைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்ளும் முதலாளிகளை எங்கள் பக்கத்து ஜனங்கள் நன்றாக அறிவார்கள். விஸ்வநாதன் அவர்களுக்குத் தெரிந்த மனிதர். அதனால்தான் அந்தக் கல்யாண வீடுகளில் அவ்வளவு சிரிப்பு.

இந்த இடத்தில் ஒரு பழைய படத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1949-ல் வந்த அண்ணாவின் ‘வேலைக்காரி’. அதில் கே.ஆர். ராமசாமி ஆனந்தன், பாலையா அவனுடைய நண்பன் மணி. இறந்துபோன பரமானந்தன் என்ற பணக்காரன் ஆனந்தனின் சாயலில் இருக்கிறான். அவனாகவே ஆனந்தனை மாற்றி, வேதாசல முதலியாரின் வீட்டுக்குள் மாப்பிள்ளையாக நுழைய வைக்கும் திட்டத்துக்கு மூளை மணிதான். பதினைந்து வருடம் கழித்து அதே பாலையா, அதே மாதிரி ஒரு பொய்ப் பணக்காரனிடம் ஏமாந்து நிற்கிறார். ஏமாற்றும் வித்தையை உள்ளிருந்து தெரிந்துகொண்டவர் ஏமாறுகிறவரை நடிக்கும்போது எவ்வளவு துல்லியம் வரும் என்பதற்கு விஸ்வநாதன் சாட்சி.

அந்தத் துல்லியம் ஒரே நாளில் வந்ததல்ல. திருநெல்வேலிச் சீமையில் சுண்டங்கோட்டையில் பிறந்து, நாடகக் கம்பெனியில் பழகி, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் 1936-ல் வில்லனாகத் திரைக்கு வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். பிறகு ‘அம்பிகாபதி’யிலும் வில்லன். ‘தூக்குத் தூக்கி’யில் இந்தியும் தமிழும் கலந்து பேசும் சேட்ஜி. வில்லனாக இருந்த காலத்தில் சேர்த்துவைத்த பேராசை, தந்திரம், நொடியில் மாறும் குரல் எல்லாவற்றையும் பின்னாளில் யாருக்கும் தீங்கு செய்யாத அப்பாக்களிடம் கொடுத்தார். ‘பாமா விஜயம்’, ‘ஊட்டி வரை உறவு’ அப்பாக்களும் அந்த வரிசைதான்.

கேட்பது என்று சொன்னேன் அல்லவா? ‘திருவிளையாடல்’ 1965-ல் வந்தது. ஹேமநாத பாகவதராக அவர் சபையில் பாடும் பாட்டை எல்லோரும் கொண்டாடுகிறோம். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, செருக்கு பாலையாவுடையது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இரவில் விறகு விற்பவன் பாடும்போது உள்ளேயிருந்து அதைக் கேட்கும் பாகவதர்தான். வித்வான் அல்லவா, கேட்ட கணமே தன் தோல்வி அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு முகத்தில் இத்தனை நாள் கட்டிவைத்த கர்வம் சரிவதைச் சத்தமே இல்லாமல் காட்டுகிறார். பேய்க்கதை கேட்ட முகமும் இதுதான். அங்கே பயம் சிரிப்பாக மாறியது, இங்கே வேதனையாக.

மூன்றாவது, 1968-ன் ‘தில்லானா மோகனாம்பாள்’. சிவாஜி நடித்த சிக்கல் சண்முகசுந்தரத்தின் பக்கத்தில் தவில் வித்வான் முத்துராக்குவாகப் பாலையா. கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கத்து மேளக்காரர்கள் ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் கோயில் திருவிழாக்களுக்கு வருவது வழக்கம். அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தவில்காரரைப் பக்கத்திலிருந்து பார்த்த பழக்கம் உண்டு. ஒரு கையில் கழி, மறு கை விரல்களில் கூடு, காது மட்டும் நாகஸ்வரத்தில். வாசிப்பு எங்கே திரும்பப் போகிறது என்று முன்னதாகவே தலை அசையும். அந்தத் தலையசைப்பைப் பாலையா அப்படியே கொண்டுவந்திருக்கிறார். சிவாஜி கோபப்பட்டால் இவர் உடம்பில் ஒரு பதற்றம், சிவாஜி மயங்கினால் இவர் முகத்தில் ஒரு கவலை. வசனம் இல்லாத இடங்களில்தான் முத்துராக்கு அதிகம் வாழ்கிறார். ரயிலிலும் கச்சேரியிலும் அவர் சிவாஜியைப் பார்க்கும் பார்வைகளை மட்டும் தொகுத்தாலே நடிப்புக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம்.

1972-ல் பாலையா மறைந்தார். பத்ம விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. நாயகர்களுக்கு நூற்றாண்டு மலர்கள் போடுகிறோம். 2014-ல் வந்துபோன பாலையாவின் நூற்றாண்டு எத்தனை ஊர்களில் பேசப்பட்டது? பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு மாலை, திரை கட்டி, இந்த மூன்று படங்களிலிருந்தும் மூன்று காட்சிகளை மட்டும் போட்டு, பாலையாவை மட்டுமே பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. நூலகத்தாரோ கல்லூரித் தமிழ்த்துறையோ முன்வந்தால் நாற்காலி எடுத்துப் போட நான் வருகிறேன்.

அடுத்த இதழில், அதே ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷுக்கு ஈடுகொடுத்த சச்சு.